தானா விழுந்தா இன்சூரன்ஸ் உண்டா?

2025 ஜூலை முதல் வாரம் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி விடாமல் சுற்றியது. 'வேகமா ஓட்டிச் செத்தா இனிமே இன்சூரன்ஸ் கிடையாது, உச்ச நீதிமன்றம் அதிரடி!' கூடவே நொறுங்கிப்போன ஒரு காரின் படம். மறுநாள் கடை திறந்ததுமே ஒருத்தர் கேட்டார்: "அப்புறம் எதுக்குண்ணே வருஷா வருஷம் கட்டணும்?"

ஆர்டிஓ ஆபீஸுக்கு எதிரே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். எல்.எல்.ஆர். போடுவது, பேர் மாற்றம், எஃப்.சி.க்கு நாள் வாங்குவது, இன்சூரன்ஸ் புதுப்பிப்பது, இதுதான் பிழைப்பு. நான் வக்கீல் இல்லை. ஆனால் விபத்து நடந்த வீட்டுக்காரர்கள் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம்தான் வருவார்கள். பாலிசி காப்பி என் கம்ப்யூட்டரில்தானே இருக்கும். அப்படி வருகிறவர்களில் பாதிக்குமேல் யாரும் மோதாமல் தானாக விழுந்தவர்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக.

முதலில் அந்தத் தீர்ப்பு. கர்நாடகத்தில் அரசிக்கெரே பக்கம் 2014 ஜூன் மாதம் நடந்த விபத்து அது. ஒருவர் காரில் குடும்பத்தாரோடு போகிறார். கார் கட்டுப்பாடு இழந்து கவிழ்கிறது. எதிரே வண்டி எதுவும் இல்லை. ஓட்டியவர் இறந்துபோகிறார். மனைவி, பிள்ளை, பெற்றோர் 80 லட்சம் கேட்டு வழக்குப் போடுகிறார்கள். டயர் வெடித்ததுதான் காரணம் என்கிறார்கள். போலீஸ் குற்றப்பத்திரிகையோ வேகமும் கவனக்குறைவும்தான் காரணம் என்கிறது. தீர்ப்பாயம் தள்ளியது, உயர் நீதிமன்றம் தள்ளியது, 2025 ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

இதில் புதுசாக ஒன்றுமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்பதென்றால், இன்னொருவர் தப்பால் எனக்கு நட்டம் என்று சொல்லித்தான் கேட்க முடியும். தப்பு ஓட்டியவருடையதே என்றால் அவருடைய குடும்பம் யாரிடம் போய்க் கேட்கும்? 'தேர்ட் பார்ட்டி' என்று நாம் வாய் நிறையச் சொல்லும் அந்த மூன்றாம் ஆள் ரோட்டில் போகிற மற்றவர்தான். பாலிசி எடுத்தவர் முதல் ஆள், கம்பெனி இரண்டாவது ஆள். சட்டம் கட்டாயப்படுத்தியிருப்பது அந்த மூன்றாவது ஆளுக்கான காப்பீட்டை. பக்கத்து வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு நம் வீட்டைத் திறந்துபோட்ட மாதிரி இருக்கிறது என்று தோன்றும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிதாக உறைக்காது. அங்கே விபத்து என்றால் பெரும்பாலும் இரண்டு வண்டி இருக்கும், இரண்டு நம்பர் பிளேட் இருக்கும், ஏதாவது ஒன்றிலாவது பாலிசி உயிரோடு இருக்கும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. தை, மாசியில் ரோட்டில் கொள்ளும் சோளத்தட்டையும் காய்கிறது. பகலிலேயே டயர் வழுக்கும், இருட்டில் கேட்கவே வேண்டாம். ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு கிடையாது. வளைவில் டிராக்டர் சிந்திவிட்டுப் போன எம்-சாண்ட். குறுக்கே பாயும் நாய், காட்டுப்பன்றி, இப்போதெல்லாம் மயில். தடுப்புச் சுவர் இல்லாத சாலையோரக் கிணறு தனிக் கொடுமை. 2025 மே மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் அருகே ஆம்னி வேன் ஒன்று சாலையோரக் கிணற்றில் விழுந்து குழந்தை உட்பட 5 பேர் இறந்தார்கள். கோவையிலிருந்து ஊர்த் திருவிழாவுக்கு வந்த குடும்பம். எதிரே லாரி வரவில்லை, பஸ் வரவில்லை.

2022-இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது, 64,105. அதில் தானாக விழுந்த கேஸ்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் பக்கம் விழுந்தவனைத் தூக்கி, புண்ணைக் கழுவி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு போவதோடு சரி. ஸ்டேஷன் பக்கம் யாரும் போவதில்லை.

சரி, தானாக விழுந்தவனுக்கு ஒன்றுமே கிடையாதா? உண்டு. பாலிசிக்குள்ளேயே ஒரு சின்ன வரி இருக்கிறது. பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் கட்டத்தில், தேர்ட் பார்ட்டி தொகைக்குக் கீழே, 'பி.ஏ. கவர் ஃபார் ஓனர் டிரைவர்' என்று இருக்கும், ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு. வண்டி உரிமையாளர் தானே ஓட்டிப்போய் விழுந்து இறந்தால் 15 லட்சம். யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. வளைவில் வேகமாகப் போனீர்களா, பன்றி குறுக்கே வந்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. முன்பு இது பைக்குக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்று கிடந்தது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதெல்லாம் ஒரு தொகையா என்று கேட்டு உத்தரவு போட, 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஆணையம் 15 லட்சமாக்கியது. நம் ஊர் கோர்ட்டால் நாடு முழுக்க வந்த மாற்றம் இது. ஏனோ நாம் பெருமை பேசுகிற பட்டியலில் இது மட்டும் இருப்பதில்லை.

ஆனால் இந்த வரிக்குள் இருக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால் கிராமத்தில் பாதி வண்டி வெளியே நின்றுவிடும்.

ஓட்டியவர் ஆர்.சி.யில் இருக்கும் உரிமையாளராகவே இருக்க வேண்டும். பாலிசியும் அவர் பேரிலேயே இருக்க வேண்டும். அந்த வகை வண்டிக்கு உயிரோடிருக்கும் லைசென்ஸ் வேண்டும். குடித்திருக்கக் கூடாது. இப்போது உங்கள் தெருவை ஒரு சுற்றுப் பாருங்கள். வண்டி அப்பா பேரில், ஓட்டுவது மகன். வண்டி அண்ணன் பேரில், அண்ணன் திருப்பூரில். வண்டி மனைவி பேரில், ஏனென்றால் மகளிர் குழுக் கடனில் எடுத்தது. இதைவிட மோசம் கை மாறிய வண்டி. ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி சீட்டுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டுவார்கள். பேர் மாற்றச் சொன்னால், "அதுக்கு ஆயிரக்கணக்கில ஆகும்ணே, எப்படியும் அடுத்த வருஷம் குடுத்துருவேன்" என்பார்கள். அந்த வண்டியில் விழுந்து செத்தால் 15 லட்சம் யாருக்கும் இல்லை. பாலிசி பழைய ஓனர் பேரில், அவர் நன்றாக இருக்கிறார். இறந்தவர் பாலிசிக்கு அந்நியர்.

இரவல் வண்டியும் இதே கதிதான். நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு போகிறவன் சட்டத்தின் பார்வையில் அந்த நேரத்துக்கு ஓனரின் இடத்தில் நிற்கிறான் என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அவன் மூன்றாம் ஆளும் இல்லை. ஓனருக்கான பி.ஏ. கவரைக் கேட்கப் போனால், நீ ஓனர் இல்லை என்பார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும். 2020-இல் இதே போன்ற ஒரு வழக்கில் பி.ஏ. தொகையை மட்டும் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விபத்து நடந்தபோது இருந்த பழைய 1 லட்சம்தான். அதற்கும் அந்தக் குடும்பம் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

அடுத்தது டிக் கட்டம். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது பி.ஏ. கவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கும். 'லைசென்ஸ் இல்லை' அல்லது 'வேறு விபத்துப் பாலிசி ஏற்கெனவே இருக்கிறது', இதில் ஒன்றை டிக் செய்தால் சில நூறு ரூபாய் குறையும். கடைக்கு வருகிறவர் கேட்பது என்ன? "போலீஸ் புடிச்சா காட்டுற மாதிரி, இருக்கிறதுலயே கம்மியா ஒண்ணு போட்டுக் குடுங்க." 100, 125 சி.சி. பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி 714 ரூபாய், அதோடு வரி. பக்கத்துக் கடையில் இவ்வளவுதானே சொன்னார்கள் என்று அவர் கேட்கும்போது பி.ஏ.வைச் சேர்த்துச் சொல்கிறவன் கொள்ளைக்காரன் ஆகிவிடுகிறான். அதனால் பல இடங்களில் கேட்காமலே டிக் விழுகிறது. லைசென்ஸ் வைத்திருக்கிறவரே 'எனக்கு லைசென்ஸ் இல்லை' என்று உறுதி கொடுத்த மாதிரி பாலிசி அச்சாகி வரும். அவர் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

புது வண்டியில் இன்னொரு சூட்சுமம். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருஷத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு என்று சொல்லித்தான் சாவியைத் தருகிறார்கள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பாலிசியில் சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பு ஒரு வருஷம். பி.ஏ. கவரும் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். இரண்டாம் வருஷத்திலிருந்து அந்த வண்டி ஊரில் உள்ள எல்லோரையும் காப்பாற்றும், ஓட்டுகிறவனைத் தவிர. 2019 ஜனவரியிலிருந்து பி.ஏ.வை மட்டும் தனியாகவும் எடுக்கலாம். ஒரு ஆளுக்கு ஒன்று போதும், எத்தனை வண்டி இருந்தாலும். இதைக் கேட்டு வாங்கியவர்களை என் கடையில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் ஊரில் பால் சொசைட்டிக்குக் கேன் எடுத்துப்போகும் பையன் ஒருத்தன். வைகறை நாலு மணி, வளைவில் மணல், வண்டி சறுக்கி வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டாக முறிந்துவிட்டது. ஆபரேஷன், ராடு, ஆறு மாதம் படுக்கை. வண்டி அவன் பேரில்தான். லைசென்ஸ் இருக்கிறது. பி.ஏ. கவரும் இருக்கிறது, நானே போட்டது. அவன் அம்மா பாலிசியோடு வந்தபோது நம்பிக்கையாக இருந்தார்: "பதினஞ்சு லட்சம்னு போட்டிருக்கேப்பா, அதுல ஒரு லட்சமாச்சும் வராதா?" வராது. அந்தக் கவர் எலும்பு முறிவுக்கு இல்லை. இறந்தால் முழுத்தொகை. இரண்டு கை அல்லது கால் போனால், இரண்டு கண்ணும் போனால் முழுத்தொகை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் பாதி. வேலையே செய்ய முடியாத நிரந்தர ஊனம் என்றால் முழுத்தொகை. முறிந்து, ராடு வைத்து, நொண்டிக்கொண்டு நடக்கிற காலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் இதில் வராது. அந்தம்மா கொஞ்ச நேரம் பாலிசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கால் போயிருந்தா குடுத்திருப்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனுக்கு உதவியது வேறு. அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது. 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசும் விபத்தில் காயம்பட்டவர்களுக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்திருக்கிறது. இதிலெல்லாம் யார் தப்பு என்று கேட்பதில்லை, தானாக விழுந்தவனும் சேர்த்திதான். சட்டத்தை எழுதியவர்களுக்கு இப்படியும் யோசிக்கத் தெரிகிறது என்பதற்கு இது சாட்சி. நியூசிலாந்தில் 1974-இலிருந்தே, விழுந்தது எப்படி என்று பார்க்காமல் காயத்துக்குச் சிகிச்சையும் சம்பளத்தில் ஒரு பங்கும் கொடுக்கிறார்கள். நமக்கு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஆறு மாதம் பால்கேன் தூக்க முடியாதவனுக்கு ஏதாவது ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர் கதை வேறு. இதுதான் நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடும் இடம்.

கணவன் ஓட்டுகிறார், மனைவி பின்னால். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டு மனைவிக்குத் தலையில் அடி. அவர் வண்டியை ஓட்டவில்லை, தப்பு அவருடையது இல்லை. அவர் இழப்பீடு கேட்கலாம். ஆனால் பாலிசி எது என்பதைப் பொறுத்தது. வெறும் தேர்ட் பார்ட்டிப் பாலிசி என்றால் பைக்கின் பின்சீட்டில் இருப்பவருக்கு அது பேசாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஆட்கள் 'ஃபுல் கவர்' என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசி என்றால் பின்னால் இருப்பவரும் காரில் உட்கார்ந்திருப்பவரும் அதற்குள் வருவார்கள். 2009 நவம்பரில் காப்பீட்டு ஆணையமே எல்லாக் கம்பெனிகளுக்கும் இதை எழுத்தில் சொன்னது, 2012-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் சிக்கல். வழக்கு எப்படிப் போடுவது? மாவட்டத் தலைநகரில் இருக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு. மனுதாரர் மனைவி. முதல் எதிர்மனுதாரர் கணவன். இரண்டாம் எதிர்மனுதாரர் இன்சூரன்ஸ் கம்பெனி. அதற்கு முன்னால் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதில் குற்றம் சாட்டப்பட்டவரும் கணவன்தான், கவனக்குறைவாக ஓட்டிக் காயப்படுத்தினார் என்று. இதைச் சொன்னதும் அந்த வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? "புருஷன் மேலயே கேஸா? ஊரு என்னடா பேசும்?" என்று மாமியார் ஆரம்பிப்பார். மருமகள் கட்டுப் போட்ட தலையோடு, "அதெல்லாம் வேணாம்ணே, எங்க வீட்டுக்காரரை ஜெயில்ல போட்டுருவாங்க" என்பார். பொதுவாக இந்த மாதிரி கேஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அபராதத்தோடு முடியும். கொடுக்கப்போவது கணவன் இல்லை, கம்பெனி. ஏற்கெனவே பிரீமியம் வாங்கியிருக்கிற கம்பெனி. இதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புரியவைப்பது பாலிசி போடுவதைவிடக் கஷ்டம். புரிந்துகொண்ட வீடுகளில் மருத்துவச் செலவும் வேலை இழப்பும் கைக்கு வந்திருக்கிறது. சண்டை எதுவும் வரவில்லை.

எழுத்தில் விழும் முதல் வரி எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி ஜி.ஹெச்.சுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் டூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தை, அதாவது விபத்துப் பதிவேட்டை, திறப்பார். பேர், வயது, கூட வந்தவர் பேர், மச்சம் இரண்டு, அப்புறம் எப்படி அடிபட்டது. கூட வந்தவர் பதற்றத்தில், "தானா விழுந்துட்டாங்க சார்" என்பார். டாக்டர் 'செல்ஃப் ஃபால்' என்று எழுதுவார். வண்டி நம்பர் இல்லை, ஓட்டியது யார் என்று இல்லை, இடம் இல்லை. பின்சீட்டில் இருந்த மனைவி தன் பாட்டுக்குத் தடுக்கி விழுந்த மாதிரி அர்த்தம் வரும். ஒன்றரை வருஷம் கழித்துத் தீர்ப்பாயத்தில் கம்பெனி வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது இந்த ஏ.ஆர். காப்பியைத்தான். வாகனத்தில் போகும்போது விழுந்தது, வண்டி நம்பர் இது, ஓட்டியவர் இன்னார், பின்னால் உட்கார்ந்து வந்தவர் இவர், எந்த ஊர் தாண்டி எந்த இடம் என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

ஸ்டேஷனிலும் இதே கதை. தானாக விழுந்த கேஸ் என்றால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சி. பின்சீட்டுக்காரருக்குக் காயம் என்றால் எஃப்.ஐ.ஆர். கேட்டு நில்லுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து வந்த விதிப்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் முதல் அறிக்கை அனுப்ப வேண்டும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. மனுப் போட ஆறு மாதக் கெடு வந்ததும் அந்த ஏப்ரலிலிருந்துதான். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதுதான் நல்லது.

குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு லாரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். குலதெய்வக் கும்பிடு, கேதம், நூறு நாள் வேலை, காய் பறிப்பு, எல்லாவற்றுக்கும் நாம் ஏறுவது அதில்தான். டிராக்டர் ட்ரெய்லரும் அப்படியே. அது சரக்கு வண்டி. அதில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. வண்டி கவிழ்ந்து இருபது பேர் விழுந்தால் இருபது பேரும் வண்டி ஓனரிடம்தான் கேட்க வேண்டும். ஓனர் யார்? நம்மூர்க்காரன்தான், வண்டியே ஃபைனான்ஸில் ஓடுகிறது. சில வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வருகிறது. அப்போது ஓனர் வீட்டுக்கு ஜப்தி நோட்டீஸ் வரும். ஓசியாக ஏற்றிப்போன புண்ணியத்துக்கு அவன் காட்டை விற்க வேண்டிவரும். வேனோ மினி பஸ்ஸோ பேசுங்கள். தலைக்கு நூறு ரூபாய் கூட ஆகும், ஆகட்டும்.

அதே வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது. தன் தப்பால் கவிழ்ந்திருந்தாலும் தொழிலாளர் இழப்பீடு என்று அவர் கேட்கலாம். 2025 நவம்பர் வரை அதற்கு 1923-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது, இப்போது அந்த உரிமை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. வேலை நேரத்தில் வேலை காரணமாக அடிபட்டது என்பது போதும். வழக்கு கோர்ட்டில் இல்லை, தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில். நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம் கேட்காத கேள்வியை மோட்டார் சட்டம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த ஓட்டைகளைத் தெரிந்தவர்கள் புரோக்கர்கள். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நிற்பார்கள். "தானா விழுந்ததா? அதுல ஒண்ணும் வராது. நான் ஒரு வண்டி ரெடி பண்றேன், அது மோதினதா எழுதிக்கலாம். வர்றதுல பாதி." ஃபுல் கவர் இருக்கிற எவனோ ஒருத்தனின் வண்டியை நடுவில் நுழைப்பார்கள். டிரைவரும் ரெடியாக இருப்பான், அபராதம் கட்ட. கண்டிப்பாக வேண்டாம். கம்பெனிகள் இப்போது ஆள் வைத்து விசாரிக்கின்றன. 108-க்கு யார் எந்த இடத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்ற பதிவு இருக்கிறது, செல்போன் டவர் இருக்கிறது, ஏ.ஆர். காப்பி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இப்படிப் போலி வழக்குகள் குவிந்துபோய்ச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே போட்டார்கள். மாட்டினால் அடிபட்டவர் மேல்தான் மோசடி வழக்கு. புரோக்கர் வேறு டீக்கடைக்குப் போய்விடுவான். ஆனால் ஒன்று, உண்மையைச் சொன்னால் பூஜ்யம், பொய் சொன்னால் எட்டு லட்சம் என்று ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு ஜனங்களை மட்டும் குறை சொல்வதிலும் எனக்குச் சம்மதமில்லை.

சட்டம் மாறலாம். டயர் வெடித்து ரோட்டோர வீட்டில் மோதிய காரில் அப்பா, அம்மா இரண்டு பேரையும் இழந்த ஒரு குழந்தையின் வழக்கு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கார் அப்பாவுடையது. யார் தப்பு என்று பார்க்காமல் இழப்பீடு கொடுக்கும் பழைய 163ஏ பிரிவில் ஓனரின் வாரிசும் கேட்கலாமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிரிவு 2019 திருத்தத்தில் போய்விட்டது. அதன் இடத்தில் வந்த 164-ஆம் பிரிவு உயிருக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்கிறது, அதிலும் ஓனர் தன்னிடமே கேட்க முடியாதே என்ற அதே முட்டுக்கட்டை. பெரிய அமர்வு என்ன சொல்லும் என்று பார்க்கலாம்.

அதுவரைக்கும் கையில் இருப்பதைச் சரிசெய்துகொள்வோம். பேங்க் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். வண்டி யார் பேரில் இருந்தாலும் கவலையில்லை, இரவல் வண்டியில் விழுந்தாலும் உண்டு. மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல்தான் பாதிப் பேருக்குப் பாலிசி செத்துப்போகிறது. 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம். பால் கேன் தூக்குகிறவர், பஞ்சர் போடுகிறவர் மாதிரி தினக்கூலிக்காரர் என்றால், எலும்பு முறிவுக்கும் வாராந்திரத் தொகை கொடுக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இருக்கிறது.

இன்று ராத்திரி வண்டி பெட்டியைத் திறந்து பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஓனர் டிரைவர் வரிக்கு நேரே தொகை இருக்கிறதா, அதன் கடைசித் தேதி என்ன, ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பேர்தானா. இல்லையென்றால் நாளைக்கே உங்கள் ஊர் ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் வாருங்கள். என் கடைக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை, எந்தக் கடையிலும் போட்டுக் கொடுப்பார்கள். பி.ஏ. வேண்டாம் என்று மட்டும் டிக் அடிக்க விடாதீர்கள்.